ஒற்றைத் தலைவலியோடு கிறுகிறுப்பு, படபடப்பு: படுத்து, நின்று நாடியும் பி.பி.யும் அளப்பது எப்படி?

கொடுங்கையூர் சிஸ்டர்
ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எடுக்கிறவங்க கூடவே வேற சிலதும் சொல்றாங்க. எழுந்து நின்னா கிறுகிறுங்குது, நெஞ்சு படபடங்குது, தலைவலி வர்றதுக்கு முந்தின நாளே கொட்டாவி கொட்டாவியா வருது, அடிக்கடி யூரின் போகணும்போல இருக்குது. ரேஷன் கடை வரிசை, காசிமேடு ஏலம், எக்ஸ்போர்ட் கம்பெனி செக்கிங் டேபிள்னு மணிக்கணக்கா நிக்கிற பொம்பளைங்ககிட்ட இது ரொம்ப அதிகம். உட்கார வெச்சு ஒரு தடவை பி.பி. பார்த்துட்டு "எல்லாம் நார்மல்"னு அனுப்பிட்டா அவங்க சொன்ன விஷயத்தை நாம பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.

இதுல எது தலைவலியோட பங்கு, எது தனி நோய், எது மாத்திரை செய்யிற வேலை? பிரிச்சுப் பார்க்கிற வழி தெரிஞ்சவங்க அளவோட எழுதுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிற சாமான் மட்டும் வெச்சு செய்யற மாதிரி இருந்தா நல்லது.

வண்ணை நரம்பியல்
சிஸ்டர், முதலில் கொட்டாவியை எடுத்துக்கொள்கிறேன். அது தலைவலிக்கு முந்திய கட்டம். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் முன்பே கொட்டாவி, பின்கழுத்து இறுக்கம், அடிக்கடி சிறுநீர், இனிப்பு மேல் ஆசை, எரிச்சல் எல்லாம் வரும். இவற்றின் பின்னால் இருப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். இதயம், குடல், வியர்வை போன்றவற்றை நாம் நினைக்காமலே இயக்கும் தன்னியக்க நரம்புகளுக்கெல்லாம் மேலதிகாரி அதுதான். 2016இல் ஜெர்மனியில் ஒரே ஒரு நோயாளியை 30 நாள் தினமும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். வலி வருவதற்கு முந்திய 24 மணி நேரத்தில் ஹைப்போதலாமஸின் இயக்கம் மாறியிருந்தது. ஒரே ஆள்தான் என்றாலும், தினம் எடுத்த படம் என்பதால் அந்த ஆய்வுக்கு மதிப்பு உண்டு.

ஆகவே "சாக்லேட் சாப்பிட்டேன், அதனால் தலைவலி வந்தது" என்பவர்களில் ஒரு பகுதியினருக்கு நடப்பது தலைகீழ். தாக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அதன் ஆசையில்தான் சாக்லேட் சாப்பிட்டார். உணவுப் பட்டியலை நீட்டித் தடை போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

வலி நேரத்தில் கண்ணீர், மூக்கடைப்பு, முகம் சிவத்தல் வருவது வேறொரு பாதை. முகத்தின் உணர்வைச் சுமக்கும் டிரைஜெமினல் நரம்பு தூண்டப்பட்டதும், மூளைத்தண்டு வழியாக எதிர்ப்பரிவு நரம்புகள் (தன்னியக்க நரம்புகளில் உடம்பை ஓய்வுக்குக் கொண்டுவரும் பிரிவு; வேகப்படுத்தும் பிரிவு பரிவு நரம்பு) எதிர்வினை காட்டுகின்றன. மூக்கின் பின்புறம் உள்ள ஸ்பினோபாலட்டைன் நரம்பு முடிச்சு வழியே கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்குச் சவ்வுக்கும் ஆணை போகிறது.

நின்றால் வரும் கிறுகிறுப்பு மூன்றாவது விஷயம். அதை அளந்தால்தான் தெரியும். பிசியோ தம்பி, படிமுறையை நீங்கள் எழுதுங்கள்.

ராயபுரம் பிசியோ
சரிங்க டாக்டர். வேண்டிய சாமான்: மேல்கையில கட்டுற டிஜிட்டல் பி.பி. மெஷின், விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர், நேரம் பார்க்க போன், பேப்பர். மணிக்கட்டு மெஷின் வேண்டாம். கை ஒரு சாண் ஏறி இறங்கினாலே அதோட ரீடிங் மாறிடும்.

காலையில செய்யணும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும், டீ, காபி, சிகரெட் கூடாது. யூரின் போயிட்டு வந்து படுக்கச் சொல்லுங்க. நிரம்பின மூத்திரப்பை பி.பி.யை ஏத்திக் காட்டும். கை அளவுக்குப் பொருந்துற பட்டை இருக்கணும். பருமனான கையில சின்னப் பட்டை கட்டினா கூடுதலா காட்டும்.

மல்லாந்து 10 நிமிஷம், பேசாம, போன் பார்க்காம. முடிவுல ரெண்டு தடவை நாடியும் பி.பி.யும் எடுத்து எழுதுங்க. அப்புறம் எழுந்து நிக்கணும். சுவர்லேர்ந்து அரை அடி தள்ளி குதிகாலை வெச்சு, தோளை மட்டும் சுவர்ல சாய்க்கணும். காலை மாத்தி மாத்தி ஊன்றக் கூடாது, கெண்டைக்காலை இறுக்கக் கூடாது. அங்கதான் பாதிப் பேர் கெடுத்துடறாங்க. கெண்டைச் சதை இறுகினா கால்ல தேங்கின ரத்தத்தை மேல தள்ளிடும், கோளாறு இருந்தாலும் நார்மலா காட்டும்.

1, 3, 5, 7, 10 நிமிஷத்துல எடுங்க. ஒவ்வொரு தடவையும் பட்டை கட்டின கை நெஞ்சு உயரத்துல ஒரு மேசை மேலயோ பக்கத்துல நிக்கிறவங்க கையிலயோ தாங்கியிருக்கணும். தொங்க விட்டா பி.பி. 10 புள்ளிக்கும் மேல கூடுதலா காட்டிடும், இறங்கினது தெரியாமலே போயிடும். நாடியோட கூடவே என்ன தோணுதுன்னும் எழுதுங்க: கண் இருட்டுதா, கை நடுங்குதா, கழுத்துப் பட்டை வலிக்குதா.

துணைக்கு ஒருத்தர் இல்லாம செய்யவே கூடாது. கண் இருட்டினா உடனே படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க. அத்தோட சோதனை முடிஞ்சது, நிமிஷம் முடியணும்னு பிடிச்சு நிறுத்தாதீங்க.

வியாசை மாணவி
ரீடிங்கை எப்படிப் படிப்பது? நாடி 20 கூடினாலே "பாட்ஸ்" (எழுந்து நின்றால் நாடி அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) என்று இணையத்தில் பலர் முடிவு செய்துகொள்கிறார்கள்.

வண்ணை நரம்பியல்
இல்லை மா. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்து, அது அப்படியே நீடித்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். பி.பி. அப்படிக் குறையாமல், 10 நிமிடத்துக்குள் நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடி நீடித்தால், 12 முதல் 19 வயதினருக்கு 40 கூடினால், பாட்ஸ் பற்றி யோசிக்கலாம். அதுவும் மூன்று மாதத்துக்கு மேலாகத் தொந்தரவு இருந்து, படுத்தால் அது குறைந்தால்தான். ஒரே ஒரு ரீடிங் மட்டும் 30ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் கணக்கில் இல்லை.

இளம் வயதினர் சடாரென்று எழும்போது முதல் 15 நொடியில் ஒரு பெரிய சரிவு வந்து அரை நிமிடத்துக்குள் தானாகச் சரியாகும். டிஜிட்டல் மெஷின் ஒரு ரீடிங் காட்டவே அரை நிமிடம் ஆகும், அதனால் அந்தச் சரிவு அதில் விழாது. நோயாளி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பெரும்பாலும் ஆபத்தில்லை, படுக்கையில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு எழச் சொன்னால் போதும்.

முக்கியமான ஒன்று. நாடி கூடுகிறது என்றதும் நரம்பைப் பிடிக்காதீர்கள். ரத்தச்சோகையிலும் தைராய்டு மிகையிலும் காய்ச்சல் விட்ட வாரத்திலும் பேதிக்குப் பிறகும் இதே படம்தான் தெரியும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. இவை நான்கும் முதலில். ஹீமோகுளோபின் 8 இருக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து ஏற்றாமல் பாட்ஸ் என்று பெயர் வைப்பது அநியாயம்.

வியாசை மாணவி
நன்றி டாக்டர். இன்னொரு சந்தேகம். தலைவலி இல்லாத நாளில் பரிவு நரம்பு மந்தம் என்று சில ஆய்வுகள், எதிர்ப்பரிவு குறைவு என்று சில, வித்தியாசமே இல்லை என்று சில. எதை நம்புவது?

வண்ணை நரம்பியல்
ஆய்வுகள் முரண்படுவதற்குப் பெரிய காரணம் அளந்த நாள். தாக்கத்துக்கு முந்திய நாள், தாக்க நேரம், மறுநாள் அசதி, எதுவும் இல்லாத நாள் என நான்கு நிலைகளிலும் தன்னியக்க நரம்புகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். மாதத்தில் 15 நாள் வலி உள்ளவருக்கு "எதுவும் இல்லாத நாள்" என்பதே கிட்டாது. இத்தோடு தலைவலித் தடுப்பு மாத்திரையாக ஒருவர் ப்ராப்ரானலால் சாப்பிடுகிறார், இன்னொருவர் அமிட்ரிப்டிலின். எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தால் விடை குழம்பத்தான் செய்யும். பொதுவாகப் பார்த்தால், கிடைக்கும் மாற்றங்கள் சிறியவை. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டுப்போவது போன்ற சேதம் இங்கே இல்லை. ஒழுங்குமுறை தள்ளாடுகிறது, அவ்வளவே.

அதனால் நமக்கு வேண்டிய பாடம் நேரடியானது. ஒரே நாள் அளவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். வலி இல்லாத நாள் ஒன்று, வலி வந்த நாள் ஒன்று, மாதவிடாயை ஒட்டி ஒன்று என மூன்று தாள் வேண்டும். தாளின் தலையில் தேதி, கடைசி மாத்திரை எது, எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

கொடுங்கையூர் சிஸ்டர்
ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா லேப்ல என்ன பார்ப்பாங்கன்னும் சொன்னா, கூட வர்றவங்களுக்குப் பயம் குறையும்.

வியாசை மாணவி
அக்கா, பொதுவாகத் தன்னியக்கச் சோதனைக் கூடத்தில் செய்வதை நான் எழுதுகிறேன். ஈ.சி.ஜி. மாட்டியபடி நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது 5 நொடி இழுத்து 5 நொடி விட வேண்டும். இழுக்கும்போது நாடி ஏறும், விடும்போது இறங்கும். அந்த வித்தியாசம் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழ் என்றால் எதிர்ப்பரிவு பலவீனம். அடுத்தது, ஒரு குழாயில் ஊதி 40 மி.மீ. அழுத்தத்தில் 15 நொடி நிறுத்துவது. பிறகு கைப்பிடிக் கருவியை முழு பலத்தில் 30 சதவீதத்துக்கு அழுத்திப் பிடிப்பது, கீழ் பி.பி. 16 அல்லது அதற்கு மேல் ஏற வேண்டும். இந்த எண்கள் எடின்பரோவில் யூயிங் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்காக வகுத்தவை. வயது ஏற ஏற மூச்சுச் சோதனையின் வித்தியாசம் குறையும், அதனால் 60 வயதுக்காரரை 20 வயதுக்காரரின் அளவுகோலில் நிறுத்தக் கூடாது.

சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அந்த ஊதும் சோதனை கூடாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தண்டையார்பேட்டை மருந்தாளர்
மாத்திரை பக்கத்தை நான் எழுதுறேன். நாடியையும் வியர்வையையும் பி.பி.யையும் மாத்துற மாத்திரையைத்தான் ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பா கொடுக்கிறோம். இதை நோயாளிகிட்ட யாரும் சொல்றதில்லை.

ப்ராப்ரானலால் 20 அல்லது 40 மி.கி. ரெண்டு வேளைன்னு ஆரம்பிக்கும். நாடியைக் குறைக்கும். படபடப்பு உள்ளவருக்கு அது உதவி, ஏற்கெனவே 95/60 இருக்கிறவருக்கு அதே மாத்திரையே கிறுகிறுப்பு. ஆஸ்துமா இருந்தா கொடுக்கவே கூடாது. சோதனைக்காகத் திடீர்னு நிறுத்தவும் கூடாது. நாடி எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். காலை டோஸுக்கு முன்னாடி சோதனை செஞ்சு, "ப்ராப்ரானலால் எடுக்கிறார்"னு தாள்ல எழுதிட்டாப் போதும். இன்னொண்ணு, ப்ராப்ரானலால் எடுக்கிறவர் ரிசாட்ரிப்டான் (வலி வந்ததும் போடற டிரிப்டான் வகை மாத்திரை) போட்டா 10 இல்லை, 5 மி.கி.தான். ப்ராப்ரானலால் அதோட ரத்த அளவை ஏத்திடும்.

அமிட்ரிப்டிலின் 10 மி.கி. ராத்திரி: வாய் வறட்சி, மலச்சிக்கல், நாடி கொஞ்சம் ஏறும், நின்னா பி.பி. இறங்கும். பாட்ஸ் மாதிரியே காட்டும். புளூனாரிசின் பி.பி.யைப் பெரிசா தொடாது. ஆனா தூக்கம், எடை, மனச்சோர்வு, வயசானவங்களுக்கு நடுக்கம்.

டோப்பிரமேட்டைப் பத்தி நான் அழுத்தமா சொல்லணும். அது வியர்வையைக் குறைக்கும். கத்திரி வெயில்ல மணலிப் பக்கம் ஷெட்டுக்குள்ள வேலை பார்க்கிறவர், துறைமுகத்துல கண்டெய்னர் லாரி கேபின்ல உட்கார்ந்திருக்கிறவர், இவங்களுக்கு வியர்வை நின்னா உடம்பு சூடு வெளியேற வழி இல்லை. வெயில்ல தோல் வறண்டு, முகம் சிவந்து, காய்ச்சல் மாதிரி சூடேறினா நிழல், தண்ணி, அன்னைக்கே டாக்டர். அதே மாத்திரைக்குக் கிட்னி கல் வரும் வாய்ப்பும் உண்டு, அதனாலயும் தண்ணி குறையக் கூடாது.

கொடுங்கையூர் சிஸ்டர்
மருந்தாளர் சார், "சைனஸ் தலைவலி"ன்னு கேட்டு வர்றவங்களுக்கு என்ன கொடுக்கிறாங்க கடையில?

தண்டையார்பேட்டை மருந்தாளர்
சளி மாத்திரைதான் சிஸ்டர். பினைல்எப்ரின் சேர்ந்தது. அது பரிவு நரம்பைப் போலவே வேலை செய்யும், ரத்தக் குழாயைச் சுருக்கும். சிலருக்குப் படபடப்பு, பி.பி. ஏத்தம். மூக்குச் சொட்டு சைலோமெட்டாசொலின் ஒரு வாரத்தைத் தாண்டினா, நிறுத்தினதும் மூக்கு முன்னைவிட அதிகமா அடைக்கும். அப்புறம் மறுபடியும் சொட்டு.

வண்ணை நரம்பியல்
2004இல் அமெரிக்காவில் "எனக்கு சைனஸ் தலைவலி" என்று சொன்ன 2,991 பேரைச் சோதித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. எண்ணூர் விரைவுச்சாலைத் தூசியில் நாள் முழுக்க இருப்பவருக்கு மூக்கொவ்வாமையும் சேர்ந்தே இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் பச்சைச் சளி, காய்ச்சல், மணம் தெரியாமல் போவது எதுவும் இல்லாமல், வெளிச்சம் கூசி, குமட்டி, நடந்தால் வலி கூடினால் அது சைனஸ் இல்லை. எக்ஸ்ரே எடுத்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஒரே பக்கம் மட்டும், கண் சிவந்து, நீர் கொட்டி, இமை தொங்கி, 15 நிமிடம் முதல் 3 மணி நேரத்துக்குள் வலி முடிந்து, வலிக்கும்போது உட்கார முடியாமல் அங்குமிங்கும் நடந்தால் அது கொத்துத் தலைவலி. ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். கொத்துத் தலைவலிக்கு மூடிய முகக்கவசத்தில் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன், 15–20 நிமிடம் கொடுத்தால் கேட்கும். அவசரப் பிரிவில் மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்துவிட்டு "ஆக்சிஜன் கேட்கவில்லை" என்று எழுதுவது பயனில்லாத வேலை.

இமை தொங்கி, கருவிழிப் பாவை சிறுத்து, புதிதாகக் கழுத்து வலியும் சேர்ந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். அது அன்றே படம் எடுக்க வேண்டியது.

ராயபுரம் பிசியோ
வயிறு பத்தியும் பேசணும். "பித்தம் ஏறிடுச்சு, வாந்தி எடுத்தா சரியாயிடும்"னு நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் சொல்றது. அதுல ஒரு உண்மை இருக்கு இல்லையா டாக்டர்?

வண்ணை நரம்பியல்
உண்டு தம்பி. தாக்கத்தின்போது இரைப்பை மந்தமாகி உள்ளே இருப்பதைக் கீழே தள்ளாது. மாத்திரை குடலுக்குப் போனால்தான் ரத்தத்தில் சேரும். வலி முற்றிய பிறகு போடும் மாத்திரை கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம். வலி லேசாக இருக்கும்போதே, முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். குமட்டல் இருந்தால் டோம்பெரிடோன் 10 மி.கி. அல்லது மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. கூடவே. மெட்டோகுளோபிரமைடில் இளம் பெண்களுக்குக் கழுத்து கோணி, கண் மேலே செருகும். பயமுறுத்தும், ஆனால் ஊசியில் சரியாகும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு டோம்பெரிடோன் வேண்டாம்.

வாந்தி எடுத்ததும் சிலருக்கு வலி விடுவது உண்மை. விரலை விட்டு எடுப்பது வேண்டாம். நீரும் உப்பும் போய், எழுந்து நிற்கும்போது இன்னும் மோசமாகும்.

தண்டையார்பேட்டை மருந்தாளர்
வலி மாத்திரைக்குக் கணக்கு வைக்கச் சொல்லுங்க. பாராசிட்டமால், நாப்ராக்சன் தனியா மாசத்துக்கு 15 நாள். டிரிப்டான், எர்கோட், பல மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரை 10 நாள். மூணு மாசத்துக்கு மேல அந்த அளவுக்கு வந்தா மாத்திரையே தலைவலியைத் தக்க வெச்சுடும். எர்கோட்டமின், காபின் கலந்த பழைய மாத்திரையைப் பத்து வருஷமா வாங்கறவங்க இருக்காங்க. அது ரத்தக் குழாயைச் சுருக்கும். டிரிப்டான் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள அதைத் தொடவே கூடாது.

வியாசை மாணவி
ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எச்.ஆர்.வி. (துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற எண்) பற்றி? "இன்று குறைந்திருக்கிறது, நாளை தலைவலி வரும்" என்று பலர் பார்க்கிறார்கள்.

ராயபுரம் பிசியோ
அதை வெச்சு முடிவு எடுக்காதீங்க. மூச்சு வேகம், தூக்கம், மது, வயசு, ப்ராப்ரானலால் மாதிரி பீட்டா பிளாக்கர் எல்லாமே அந்த எண்ணை மாத்தும். வேற வேற கம்பெனி வாட்ச் வேற வேற கணக்கு போடும். ஒரே ஆள், ஒரே வாட்ச், தினம் காலை எழுந்ததும்னு ரெண்டு மூணு மாசப் போக்கைப் பார்த்தா ஓரளவு பயன். காலையில கொட்டாவி, கழுத்து இறுக்கம் வந்ததான்னு டைரியில எழுதறது அதைவிட மேல்.

வண்ணை நரம்பியல்
ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு எச்.ஆர்.வி. எண்ணை வைத்து யாருக்கும் மருந்து மாற்ற மாட்டேன்.

ராயபுரம் பிசியோ
இப்போ நின்னா நாடி ஏறுறவங்களுக்கு மருந்தில்லாம செய்யக்கூடியது. வரிசையில நிக்கும்போது காலைப் பின்னிக்கிட்டு தொடை, பிட்டம், வயிறு மூணையும் அரை நிமிஷம் இறுக்கி விடணும். இல்லைன்னா குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும். சோதனையில எதைச் செய்யக் கூடாதுன்னு சொன்னேனோ அதையே இங்க வேணும்னு செய்யறோம். காலையில எழுமுன்னாடி ரெண்டு டம்ளர், சுமார் அரை லிட்டர் தண்ணியை மடமடன்னு குடிச்சா அரை மணி நேரத்துக்குள்ள பி.பி.க்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

உடற்பயிற்சி படுத்த நிலையில ஆரம்பிக்கணும்: இடுப்பைத் தூக்கறது, காலை நீட்டித் தூக்கறது, படுத்தபடியே சைக்கிள். வாரத்துல மூணு நாள், 20 நிமிஷம். ஒரு மாசம் போனப்புறம் உட்கார்ந்து, அப்புறம் நடை. எடுத்ததும் ஓடச் சொன்னா தலைவலி வந்து பயிற்சியையே விட்டுடுவாங்க. பெரம்பூர் பார்க்கோ திருவொற்றியூர் கடற்கரையோ, நடை ஆறரைக்கு முன்னாடி முடிஞ்சுடணும். வெந்நீர்க் குளியலுக்கு அப்புறம் உடனே நிக்கிற வேலை வேண்டாம். சூட்டுல தோல் ரத்தக் குழாய் விரிஞ்சு பி.பி. இறங்கும்.

அழுத்தக் காலுறை இடுப்பு வரைக்கும் இருக்கறதுதான் உதவும், முட்டி வரைக்கும் போடறது போதாது. ஆனா நம்ம ஊர் மே மாசத்துல யாரும் போட மாட்டாங்க. வயித்துப் பட்டை தாங்கக்கூடியது, அதுவும் நிக்கிற நேரத்துக்கு மட்டும்.

கொடுங்கையூர் சிஸ்டர்
உப்பு?

வண்ணை நரம்பியல்
சோதனையில் பாட்ஸ் உறுதியானால், பி.பி. அதிகம் இல்லாமல், சிறுநீரகமும் இதயமும் சரியாக இருந்தால் ஒரு நாளைக்கு 10 கிராம் வரை உப்பும் 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் சொல்வோம். 10 கிராம் என்பது சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளின் மொத்தக் கணக்கு. சாப்பாட்டுக்கு மேல் தனியாகச் சேர்ப்பதல்ல. நம் சமையலில் உப்பு ஏற்கெனவே அதிகம். கருவாட்டுக் குழம்பு வாரம் நான்கு நாள் சாப்பிடும் வீட்டில் கூட்டவே தேவைப்படாது. வெறும் ஒற்றைத் தலைவலிக்கு உப்பைக் கூட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளர்
ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது அட்டைப்பெட்டி ஜூஸ் மாதிரி இருக்கறதை நம்பாதீங்க. உலக சுகாதார நிறுவன அளவு ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பாக்கெட் பின்னாடி இந்த நாலும் இருக்கான்னு பாருங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைக்கவும் கூடாது. உப்புப் போட்ட நீர்மோர், கூழ் இதெல்லாம் தினசரிக்குப் போதும்.

கொடுங்கையூர் சிஸ்டர்
கடைசியா ஒண்ணு. 14 வயசுப் பொண்ணு, ஸ்கூல் பிரேயர்ல நிக்கும்போது மயங்கி விழுது, மாசத்துக்கு ரெண்டு தடவை தலைவலி. இதே சோதனைதானா?

வண்ணை நரம்பியல்
இதே சோதனைதான், அளவுகோல் மட்டும் 40. அதற்கு முன் மூன்று கேள்வி. காலை சாப்பிட்டதா? பள்ளியில் கழிவறைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா? இட்லி இரண்டு, தண்ணீர் ஒரு டம்ளர், இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு நான்கு வாரம் பார்த்துவிட்டு மறுபடி அளந்தால் பல பிள்ளைகளுக்கு நாடி இறங்கியிருக்கும். ஓடும்போது மயங்கினாலோ, நெஞ்சு துடித்து முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கொடுங்கையூர் சிஸ்டர்
சரிங்க டாக்டர். பிசியோ தம்பி எழுதின நிமிஷக் கணக்கை ஒரு தாள்ல கட்டம் போட்டு வெச்சுக்கறேன்: படுத்து ரெண்டு, நின்னு அஞ்சு, பக்கத்துல மாத்திரைப் பேரும் நேரமும்.

ராயபுரம் பிசியோ
மாதவிடாய் எத்தனையாவது நாள்னு ஒரு கட்டம் சேர்த்துக்கோங்க அக்கா. அறை வெப்பமும் எழுதுங்க. ஃபேன் இல்லாத அறையில எடுத்த ரீடிங்கை ஏ.சி. ரூம் ரீடிங்கோட ஒப்பிடக் கூடாது.